ஆன் ஆர்பரில் முதல் குடித்தனம்: அக்கம்பக்கத்தாரோடு ஓராண்டு

அமெரிக்காவில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஜனவரியில் ஒரு காலை, வகுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தால் வாசல் கதவில் நகராட்சியின் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டு முன் நடைபாதையில் பனி அள்ளப்படவில்லை, உடனே அள்ளுங்கள், தவறினால் நகராட்சியே ஆள் வைத்து அள்ளிச் செலவை வசூலிக்கும் என்று அதில் இருந்தது. அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். நால்வரும் ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள். தெருவும் நடைபாதையும் நகராட்சியுடையவை, அதை நாம் எதற்குத் தொட வேண்டும் என்றே நினைத்திருந்தோம்.

அபராதத்தை நினைத்துப் பயந்ததைவிட, யாரோ நம்மைப் பற்றிப் புகார் செய்திருக்கிறார்கள் என்பதுதான் அன்று அதிகமாக வலித்தது. பக்கத்தில் இருப்பவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, எங்கள் தெருவில் கைத்தடியோடு தினமும் பஸ்ஸுக்கு நடக்கும் ஒரு பாட்டி, எங்கள் வீடு வந்ததும் நடைபாதையை விட்டு வண்டிகள் போகும் சாலையில் இறங்கி, எங்கள் வீட்டைக் கடந்து மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். மூன்று நாள் அப்படி நடந்திருக்கிறார். எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அதே ஊரில், பேக்கர்ட் சாலைக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறேன். என் வீட்டின் இரு பக்கமும் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள். வேலியின் இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பருக்குப் படிக்க வருகிறவர்களுக்காக எழுதினாலும், இதுபோன்ற வேறு பல்கலைக்கழக ஊருக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சட்ட விவரங்களை மட்டும் அந்தந்த ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊரின் அமைப்பு

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817-இல் டெட்ராயிட்டில் தொடங்கி, 1837-இல் ஆன் ஆர்பருக்கு வந்தது. 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 1,23,851. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் 50,000 பேருக்கும் மேல். வளாகத்துக்குத் தெற்கே உள்ள தெருக்களில் பழைய மர வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதே தெருவில் மருத்துவமனை செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் என்று எல்லோரும் இருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி மறு ஆகஸ்டில் முடிகின்றன. அதனால் தெருவில் நிலையாக இருப்பவர்கள் ஆண்டுதோறும் புது முகங்களைப் பார்க்கிறார்கள். பெயர் கேட்டுப் பழகுவதற்குள் அந்த முகங்கள் போய்விடுகின்றன. சிலர் அலுத்துப்போய்ப் பெயர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் முகம் திருப்பிக்கொண்டு போவதைக் கண்டு வெறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெறும் களைப்பு.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் தண்ணீர்த் தொட்டி வழிந்தால் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தம் போடுவார். அன்று மாலையே கொழுக்கட்டையும் கொடுத்தனுப்புவார். இங்கே ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்று குறை சொல்வதைப் பலர் அநாகரிகமாக நினைக்கிறார்கள், அல்லது முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டத் தயங்குகிறார்கள். நகராட்சியின் ‘ஏ2 ஃபிக்ஸ் இட்’ செயலியில் இரண்டு வரி எழுதிவிட்டு இருந்துவிடுவார்கள். இரவு சத்தம் என்றால் போலீஸை அழைப்பார்கள். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, இங்கே நடைமுறை அப்படி. ஆனால் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் இருந்தால் அவர்களில் பெரும்பாலோர் முதலில் உங்களுக்குத்தான் சொல்வார்கள். கீழே உள்ள எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

முதல் வாரம்: கதவைத் தட்டுங்கள்

பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். சனி அல்லது ஞாயிறு, பகல் 11 மணிக்கு மேல் 5 மணிக்குள். இருவராகப் போங்கள், கும்பலாக வேண்டாம். இரண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு, பின்பக்க வேலி ஒட்டிய வீடு, இந்த நான்கும் போதும். கதவைத் தட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் தள்ளி நில்லுங்கள். திறந்ததும் பெயரைச் சொல்லி, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், எத்தனை பேர், என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு தாளில் பெயர்களும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுங்கள். “எங்களால் சத்தமோ வேறு தொந்தரவோ இருந்தால், எந்த நேரமானாலும் இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள், உடனே கவனிக்கிறோம்” என்று சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் விடைபெற்றுவிடலாம். உள்ளே அழைத்தால் ஒழிய உள்ளே போகும் எண்ணம் வேண்டாம்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வாருங்கள். தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். தபால்தலை இல்லாத எதையும் பிறர் தபால் பெட்டியில் இடுவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வாழ்த்து அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் இதே விதிதான்.

எழுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க நமக்கு நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை. ஆனால் இங்கே பெயர் சொல்வதுதான் மரியாதை. அங்கிள், ஆன்ட்டி என்றால் அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். உங்கள் பெயர் நீளமானதாக இருந்தால் பொறுமையாக, அசை பிரித்து இரண்டு முறை சொல்லிக் கொடுங்கள். அவர்கள் முயன்று பார்க்கவே விரும்புகிறார்கள்.

போகும்போது இனிப்பு கொண்டுபோவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு விஷயம். நான் முதலில் எதிர்வீட்டுக்கு ரவா லட்டு கொண்டுபோனேன். அந்த அம்மாள் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், மூடியைத் திறக்கவில்லை. இதில் கொட்டை வகை ஏதும் உண்டா என்று கேட்டார். முந்திரி இருக்கிறது என்றேன். நன்றி சொல்லி, டப்பாவை உள்ளே எடுத்துப் போகாமல் திண்ணை மேசையிலேயே வைத்துவிட்டு, பேரனுக்கு முந்திரி பட்டாலே மூச்சு முட்டும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்றார். என் கை நடுங்கிவிட்டது. அன்று முதல் எதைக் கொடுத்தாலும் அதில் சேர்ந்தவை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி மூடிமேல் ஒட்டியே கொடுக்கிறேன்: பால், நெய், கோதுமை, முந்திரி, வேர்க்கடலை, எள் என்று ஒன்றுவிடாமல். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அதே வாரத்தில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு வரிகளைத் தேடுங்கள். பனி அள்ளுவது யார் பொறுப்பு? புல் வெட்டுவது யார் பொறுப்பு? எழுதியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைதாரரின் உரிமைகளும் கடமைகளும் பற்றிய கையேட்டைக் கொடுக்க வேண்டியது இந்த ஊரில் வீட்டுக்காரரின் கடமை. அதை வாங்கிப் படித்துவிடுங்கள்.

குப்பை

உருளை வைத்த பெரிய தொட்டிகள் இருக்கும்: குப்பைக்கு ஒன்று, மறுசுழற்சிக்கு ஒன்று, மட்கும் கழிவுக்கு ஒன்று. உங்கள் தெருவுக்கு வாரத்தில் எந்த நாள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். பேச்சைத் தொடங்க இதைவிட எளிய கேள்வி கிடையாது. முந்திய இரவே சாலையோரம் தள்ளி வைத்துவிட வேண்டும். வண்டியின் இயந்திரக் கை தொட்டியைத் தூக்குவதால் தொட்டிகளுக்கு இடையே மூன்றடி இடைவெளி விடுங்கள். நிறுத்திய காரை ஒட்டி வைக்காதீர்கள். வண்டி வந்துபோன அன்று மாலையே தொட்டிகளை உள்ளே இழுத்துவிடுங்கள். நான்கு நாள் நடைபாதையை மறித்துக் கிடக்கும் தொட்டிதான் மாணவர் வீட்டின் அடையாளம் என்று தெருவில் பேச்சு உண்டு.

வெட்டிய காய்கறி, கறிவேப்பிலைக் காம்பு, வடிகட்டிய டீத்தூள் எல்லாம் மட்கும் தொட்டிக்குப் போகலாம். பிளாஸ்டிக் பையோடு போடாதீர்கள். சோடா, பீர் டப்பாக்களுக்கும் பாட்டில்களுக்கும் மிச்சிகனில் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் வைப்புத்தொகை உண்டு. மளிகைக் கடை இயந்திரத்தில் போட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். உங்களுக்கு வேண்டாம் என்றால் தனிப்பையில் கட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அவற்றைச் சேகரித்து வாழ்கிறவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் குப்பையைக் கிளறும் நிலை அவர்களுக்கு வராது.

சமையலறையும் சத்தமும்

நம்மவர் வீடுகளில் முதலில் தெருவுக்குக் கேட்பது புகை அலாரம். வரமிளகாயை எண்ணெயில் போட்டுத் தாளித்தால் போதும், அலறத் தொடங்கிவிடும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைப்பதும், பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுவதும் பல வீடுகளில் நான் கண்ணால் கண்ட பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். நூறு வயதைத் தாண்டிய மர வீடுகள் இவை. ஒன்றில் பிடித்தால் அடுத்ததற்குப் போக அதிக நேரம் ஆகாது. தாளிக்கும் முன்பே ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டு, கடுகு வெடிக்கும்போதே மூடியைக் கையில் வைத்திருங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். வடைச் சட்டி எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். பழைய குழாய்களில் அது உறைந்து அடைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வரும். ஆறவைத்துக் காலி டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

இந்த ஊரில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டிய நேரம். மிக்ஸியை அந்த நேரத்தில் ஓட்ட வேண்டாம். பகலிலும் அடியில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு ஓட்டினால் சத்தம் குறையும். மரத்தரையில் குதிகால் ஊன்றி நடந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு அது தலைமேல் உரல் இடிப்பது போலக் கேட்கும். கட்டிலுக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு கம்பளம் விரியுங்கள். பொது நடையில் செருப்புகளைக் குவித்து வைக்காதீர்கள். தீப்பிடித்தால் ஓடும் வழி அது. சிறிய அடுக்கு ஒன்று வாங்கிக் கதவுக்கு உட்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் கவனிக்கத் தவறும் சத்தம் ஒன்று இருக்கிறது. இங்கே இரவு 11 மணி என்றால் கோடையில் ஊரில் காலை 8.30. அம்மாவிடம் பேச அதுதான் நேரம். அறைத்தோழர் தூங்குகிறார் என்று திண்ணைக்கு வந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவோம். கடல் தாண்டிப் போகும் குரல் என்று நமக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிடும். அந்தத் திண்ணையிலிருந்து எட்டடியில் இன்னொரு வீட்டின் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசுங்கள். இந்தியாவில் காலை 9.30-க்குத் தொடங்கும் டெஸ்ட் ஆட்டம் இங்கே கோடைக்கால நேரப்படி நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். அதற்கும் இதுவே.

பிறந்தநாள், பொங்கல், தேர்வு முடிந்த விருந்து எதுவானாலும் இரண்டு நாள் முன்பே நான்கு வீட்டுக்கும் செய்தி அனுப்புங்கள்: எந்த நாள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு முடிப்போம். முடிக்கிறோம் என்று சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள். முன்பே சொன்ன வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்ததை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு வெடி வேண்டாம். மிச்சிகனில் உள்ளாட்சிகள் பட்டாசுக்குத் தடை விதிக்கலாம். புத்தாண்டு இரவு, ஜூலை 4-ஐ ஒட்டிய நாள்கள் போன்ற சில நாள்களில் மட்டும் அந்தத் தடை செல்லாது. தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. மரத் திண்ணையில் அகல் ஏற்ற ஆசையிருந்தால் எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வைத்து, அணையும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

கால்பந்துச் சனிக்கிழமைகள்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளூரில் ஆடும் சனிக்கிழமைகளில் ஊர் வேறு ஊராகிவிடும். 1927-இல் திறந்த மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கிட்டத்தட்ட ஊரின் மக்கள்தொகை அளவுக்கு ஆட்கள் ஒரே நாளில் வந்து சேர்கிறார்கள். மளிகையை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பலர் வீட்டுப் புல்தரையில் கார் நிறுத்த இடம் கொடுத்துப் பணம் வாங்குவார்கள். வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் நீங்கள் அதில் இறங்க வேண்டாம்.

ஞாயிறு காலையில் பிளாஸ்டிக் குவளைகளும் உடைந்த பாட்டில்களும் தெருவெங்கும் கிடக்கும். ஒரு பையும் கையுறையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு முன்னாலும், முடிந்தால் அடுத்த வீட்டு முன்னாலும் பொறுக்கிவிடுங்கள். இருபது நிமிட வேலை. நீங்கள் போடாத குப்பையாக இருக்கலாம். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் தெருவில் நடைபோகும் நான்கு பேர் நின்று உங்களோடு பேசுவார்கள்.

யாராவது குடித்துவிட்டு உங்கள் வாசலில் நினைவின்றிக் கிடந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். 21 வயது நிரம்பாதவருக்காக மருத்துவ உதவி கேட்டால் குடித்ததற்காக வழக்குப் போடாமல் காக்கும் சட்டம் மிச்சிகனில் 2012 முதல் இருக்கிறது.

திண்ணையில் பழைய சோபாவைப் போட்டு உட்காரும் வழக்கம் முன்பு இங்கே பரவலாக இருந்தது. 2010-இல் திண்ணை சோபாவிலிருந்து பரவிய தீயில் ஒரு மாணவர் உயிரிழந்தார். அதே ஆண்டு நகரமன்றம் மெத்தை தைத்த உள்வீட்டு இருக்கைகளைத் திண்ணையில் போடுவதைத் தடை செய்தது. மர நாற்காலியோ பிளாஸ்டிக் நாற்காலியோ போட்டுக்கொள்ளுங்கள்.

கார் வைத்திருந்தால்

தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி தள்ளி நிறுத்துங்கள். வண்டி போகும் திசையைப் பார்த்தபடிதான் நிறுத்த வேண்டும். சாலையிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் வழியான டிரைவ்வேயில் நிறுத்தினாலும் காரின் வால் நடைபாதையில் நீளக் கூடாது, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும் வழி அது. தெருப் பலகையில் அனுமதிச்சீட்டு பற்றி எழுதியிருந்தால் அதை முழுவதும் படியுங்கள்.

இலையுதிர் காலம்

அக்டோபர் கடைசியில் ஒரு வாரத்திலேயே தெரு முழுவதும் இலை கொட்டிவிடும். முன்பு சாலைக்கு வாரித் தள்ளினால் நகராட்சி எடுத்துக்கொள்ளும். அந்த முறை இப்போது இல்லை. மட்கும் தொட்டியிலோ அதற்கான காகிதப் பைகளிலோ நிரப்பி வையுங்கள். சாலையோர வடிகாலை இலை அடைத்திருந்தால் கையோடு விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தாழ்வான வீட்டின் நிலவறையில் போய் நிற்கும்.

அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை குழந்தைகள் வேடமணிந்து மிட்டாய் கேட்டு வருவார்கள். திண்ணை விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வேண்டாம் என்று பொருள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய் மட்டும் கொடுங்கள். மற்ற நாள்களில் தெருக் குழந்தைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் எதையும் கொடுப்பதோ தூக்குவதோ கூடாது. நாயைக் கண்டு பயமா, உரிமையாளரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

பனி

நவம்பரிலேயே ஒரு ஷவல் வாங்கிவிடுங்கள். முதல் பெரும் பனிக்குப் பிறகு கடையில் கிடைக்காது. பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். மூலை வீடு என்றால் இரண்டு பக்க நடைபாதையும், தெருமுனையில் சாலைக்கு இறங்கும் சரிவும் உங்கள் பொறுப்பு. நான்கு பேர் இருந்தால் முறை வைத்துக்கொண்டு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். “நீ அள்ளுவாய் என்று நினைத்தேன்” என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்த அறிவிப்பு உங்கள் வீட்டுக்கும் வரும்.

அந்தத் தாள் ஒட்டிய நாளில் எனக்கு அள்ளவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஷவல் வாங்கி வந்து, மண் அள்ளுவது போலக் குனிந்து தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். என் கையிலிருந்து ஷவலை வாங்கி, பிடியை இடுப்போடு ஒட்டி வைத்து, தகட்டைத் தரையோடு தரையாகத் தள்ளிக் காட்டினார். கரகரவென்று ஒரே கோடாகச் சிமெண்டு தெரிந்தது. தூக்காதீர்கள், தள்ளுங்கள், தூக்கியே ஆக வேண்டும் என்றால் முழங்காலை மடக்குங்கள் என்றார். இறுகிப்போன பனிக்கட்டியை எப்படிப் பக்கவாட்டில் குத்திப் பெயர்ப்பது என்றும் காட்டினார். அவர் காட்டிய இன்னொன்றுதான் என் மனத்தில் நின்றது. எங்கள் எல்லை முடிந்த இடத்தில் அவர் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு நடைபாதையிலும் ஒரு ஷவல் நீளத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் திரும்பினார். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வோம் என்றார். அதன்பிறகு கவனித்தேன், எங்கள் இடப்பக்க வீட்டுக்காரர் எங்கள் பக்கம் வரை ஒரு ஷவல் நீளம் எப்போதும் தள்ளியிருந்திருக்கிறார். நாங்கள் மிதித்துக்கொண்டு போயிருக்கிறோம்.

பனி விழுந்ததும், ஆட்கள் மிதித்துக் கட்டியாக்கும் முன் தள்ளிவிடுங்கள். காலை ஆறரை மணிக்கு வேலை சுலபம், பத்து மணிக்கு அது கண்ணாடி. ஒற்றையடிப் பாதை போதாது, நடைபாதையின் முழு அகலமும் வேண்டும். அள்ளிய பனியைச் சாலைக்குத் தள்ளாமல் புல்தரையில் போடுங்கள். சாலையில் பனி தள்ளும் வண்டி வந்துபோனால் டிரைவ்வே வாயில் பனியால் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். அது கனமானது, நெஞ்சு நோய் உள்ள முதியவர்களுக்கு ஆபத்தும்கூட. உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் இருந்தால் அந்த வரப்பை மட்டுமாவது வெட்டிக் கொடுங்கள். உங்கள் வாசலில் தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றியும் மூன்றடிக்கு விலக்கிவிடுங்கள்.

உப்பு கொஞ்சமாக, அள்ளி முடித்த பிறகு மட்டும் தூவுங்கள். அது கரைந்து ஹியூரான் ஆற்றுக்குத்தான் போகிறது, நாய்களின் பாதத்தையும் புண்ணாக்குகிறது. சுமார் மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பு பனியை அவ்வளவாக உருக்காது, அப்போது மணல்தான் பிடிப்புத் தரும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் யாராவது ஒருவரிடம் பணம் கொடுத்தாவது அள்ள ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். வீடு பூட்டியிருந்தது என்பது காரணமாகாது.

மனத்தாங்கல் வந்தால்

குறை சொல்லி அவர்கள் செய்தி அனுப்பினால் முதல் பதில் மன்னிப்பு, இரண்டாவது பதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். மறுநாள் போய், இப்போது சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். குறை உங்கள் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கேள்வி வேலை செய்யும்.

உங்களுக்குத் தொந்தரவு என்றால் அந்த நேரத்திலேயே கோபத்தோடு போகாமல் மறுநாள் பகலில் போய்ச் சொல்லுங்கள். “நேற்று இரவு இரண்டு மணிவரை பாட்டுக் கேட்டது, எனக்குக் காலையில் ஆய்வகம் இருக்கிறது” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லியும் தீரவில்லை என்றால், வாஷ்டெனா மாவட்டத்துக்கென இருக்கும் சமரச மையத்தில் நடுவர் ஒருவரை வைத்துப் பேசலாம். வீட்டுக்காரரோடு சிக்கல் என்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவிப் பிரிவு கட்டணமின்றி ஆலோசனை தரும். 911 உயிருக்கும் தீக்கும் நடந்துகொண்டிருக்கும் குற்றத்துக்கும் மட்டும். சத்தத்துக்குப் போலீஸின் அவசரமல்லாத எண் தனியாக இருக்கிறது. நிறத்தையோ மொழியையோ சொல்லி யாராவது இழிவாகப் பேசினால் அதை அக்கம்பக்கத்துச் சச்சரவாக எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். தேதியோடு எழுதிவைத்துப் பல்கலைக்கழகத்திலும் போலீஸிலும் புகார் கொடுங்கள்.

கிளம்பும்போது

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தெருவைப் பார்த்தால் மனம் வாடும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே உள்ள புல்பட்டையை இந்த ஊரார் ‘லான் எக்ஸ்டென்ஷன்’ என்பார்கள். அது முழுக்க மெத்தை, உடைந்த மேசை, பாதி அரிசி மூட்டை என்று கிடக்கும். தொட்டிக்கு வெளியே கிடப்பதைக் குப்பை வண்டி எடுக்காது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் அழுகி, அங்கேயே வாழ்கிறவர்கள் தலையில் விழும். ஜூலையிலேயே தொடங்குங்கள். நல்ல நிலையில் உள்ளதைக் கிவானிஸ் என்ற தொண்டுச் சங்கத்தின் பழம்பொருள் விற்பனைக்கோ, பழைய பொருள்களை வாங்கி விற்கும் ரீயூஸ் சென்டருக்கோ கொடுங்கள். புதிதாக வரும் மாணவர் குழுக்களில் சொல்லிவையுங்கள், குக்கரும் மிக்ஸியும் ஒரே நாளில் போய்விடும். தெருவில் கிடக்கும் மெத்தையை மட்டும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் எடுத்து வராதீர்கள். மூட்டைப்பூச்சி ஒரு வீட்டுக்கு வந்தால் சுவர் ஒட்டிய எல்லா வீட்டுக்கும் வந்துவிடும்.

நான்கு வீட்டுக்கும் போய் விடைபெற்றுக்கொள்ளுங்கள். கதவுக்குப் பின்னால் ஷவலை விட்டுவிட்டு, அடுத்து வருகிறவர்களுக்கு ஒரு தாள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள். இடப்பக்க வீட்டில் இருப்பவர் பெயர், வலப்பக்க வீட்டில் இருப்பவர் பெயர், குப்பை வண்டி வரும் நாள், இடப்பக்க வீட்டுக்காரர் ஒரு ஷவல் நீளம் நம் பக்கம் தள்ளுவார், நாமும் அவர் பக்கம் தள்ள வேண்டும், எதிர்வீட்டுப் பேரனுக்கு முந்திரி ஆகாது.